தியேட்டர் பிரிண்ட்டில் போன சிரிப்பு

ராயபுரம் இறால் கொட்டகையில் வேலை பார்த்த சிலுவையம்மாளின் சிரிப்பு, 1999ஆம் வருடம் தை மாதத்தில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தியேட்டரில், இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வீடியோ கேமராவுக்குள் போய்விட்டது. போனது போனதுதான், அவள் வாய்க்குத் திரும்பி வரவில்லை. அந்த வாரம் காசிமேட்டில் வஞ்சிரம் கிட்டே நெருங்க முடியாத விலை விற்றது, எண்ணூர் பக்கமிருந்து சாம்பல் காற்று வந்தது, தண்ணி லாரி சொன்ன நாளில் வரவில்லை. இவற்றைப் பேசிக்கொண்டிருந்த நடுவில்தான் ஊர் இதையும் பேசியது.

அந்தச் சிரிப்பை நேரில் கேட்டவர்கள் இன்றைக்கும் அதை விவரிக்கத் தெரியாமல் கையைத்தான் ஆட்டுகிறார்கள். முதலில் மூக்கில் ஒரு சத்தம் வரும். பிறகு, மூச்சு நின்றுவிட்டதோ என்று பக்கத்தில் இருப்பவள் முதுகைத் தட்டப் போகும் அளவுக்கு ஓர் இடைவெளி. அதன் பிறகு படிக்கட்டில் வெறும் குடம் உருண்டது மாதிரி கடகடவென்று இறங்கும். கொட்டகையில் அவள் சிரித்தால் கரையில் ஏலம் விடுகிறவர் அது அடங்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பார், இல்லாவிட்டால் விலை யார் காதிலும் விழாது. கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துப் பிழைத்த அம்புரோஸ், ஒரு பந்தியில் இந்தச் சிரிப்பைக் கேட்டு, மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு கேமராவை அந்தப் பக்கம் திருப்பினான். மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். மறு மாதமே அவன் பெண் கேட்டு வந்தான். அவளிடம் நகை இல்லை, அவனிடம் சொந்த வீடு இல்லை, அந்தச் சிரிப்பை நம்பித்தான் கல்யாணம் நடந்தது.

அம்புரோஸிடம் ஒரு பழக்கம் இருந்தது. அந்தக் காலத்துக் கல்யாண கேமராக்காரர்கள் எல்லோரிடமும் இருந்ததுதான். கேமராவில் போடும் சின்ன கேசட் விலை அதிகம் என்பதால், எடுத்த கல்யாணத்தைப் பெரிய கேசட்டுக்கு மாற்றி, சினிமாப் பாட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு, சின்ன கேசட்டிலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள். ஒரு தாலியின் மேல் இன்னொரு தாலி, அதன் மேல் ஒரு மஞ்சள் நீராட்டு, அதன் மேல் ஒரு சாவு. பாட்டு ஒட்டப் போவதால் மைக்கை யாரும் திறப்பதே இல்லை. அம்புரோஸும் அதுவரை திறந்ததில்லை. சிலுவையம்மாள் அவன் கேமராவுக்கு முன்னால் எத்தனையோ தடவை சிரித்தும் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான்.

மைக்கைத் திறக்க வைத்தவன் பரசுராமன். வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் துணிக் குடோனுக்கு மேல்மாடியில் வி.சி.டி. காப்பி எடுக்கும் மிஷின்களை வரிசையாக வைத்திருந்தவன். புதுப்படம் வந்த அன்றே தியேட்டரில் உட்கார்ந்து திரையைப் படம் பிடித்துக் கொடுத்தால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். வாசலில் வாட்ச்மேன் பை சோதிப்பானே என்று அம்புரோஸ் தயங்கினான். “பொஞ்சாதிய இட்டுக்கினு போ மாமு. வாயும் வயிறுமா கீறவ கூடைய எவன் குடைவான்?” என்றான் பரசுராமன். அப்போது சிலுவையம்மாளுக்கு ஏழு மாதம். வயர் கூடையில் கேமரா, அதன் மேல் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்த டிபன் கேரியர். வாட்ச்மேன் கூடையைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்து வழிவிட்டான். உள்ளே போனதும் அம்புரோஸ் அவளிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டான். “சிலுவ, இன்னிக்கு மட்டும் சிரிக்காத. வவுறு வலிச்சாலும் சரி, அடக்கிக்க.” அவளும் இடைவேளைவரை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் படத்தின் பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை, இருந்தாலும் ஒன்றும் குறையப் போவதில்லை. மாமனார் வீட்டு மாவு கிரைண்டரில் வேட்டி சிக்கிக்கொண்டு மருமகன் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு காட்சி. வேட்டி போகிறதே என்று அவன் குழவியைக் கட்டிப்பிடித்தபோது சிலுவையம்மாளின் முந்தானை வாயிலிருந்து தெறித்தது. மூக்கில் சத்தம், இடைவெளி, பிறகு குடம் உருண்டது. அவள் மடிக்குப் பக்கத்தில், கூடையின் கண்ணி வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கேமராவில் மைக் திறந்திருந்தது. அடுத்த காட்சியில் அவள் மறுபடி சிரிக்க வாய் திறந்தாள், வெறும் காற்று வந்தது. தண்ணீர் குடித்துப் பார்த்தாள். தொண்டை நன்றாகத்தான் இருந்தது, பேச்சு வந்தது, அழுகையும் வந்தது. சிரிப்பு மட்டும் இல்லை.

அதே வேளையில் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தண்டையார்பேட்டை சௌக்கத் அலிக்குப் பல வருட இருமல் நின்றுபோனது. அவர் அதிர்ந்துபோய்ப் பாதிப் படத்தில் எழுந்து வந்துவிட்டார். விஷயம் விசாரித்துத் தெரிந்ததும் அம்புரோஸ் வீட்டுக்கு ஒரு தேக்சா பிரியாணி அனுப்பினார். ஊருக்கு இது போதாதா? அதற்குப் பிறகு அம்புரோஸ் படம் எடுக்கப் போனால் அவனைச் சுற்றி நெஞ்சுச் சளிக்காரர்களும் விக்கல்காரர்களும் தங்கள் செலவிலேயே டிக்கெட் எடுத்து உட்கார்ந்தார்கள். நோயாளிகளுக்கு நடுவில் இருப்பவனை வாட்ச்மேனும் சந்தேகப்படவில்லை. பரசுராமனுக்குத்தான் பேஜார். வடசென்னை பிரிண்ட்டில் வசனத்தைவிட இருமல் அதிகம் என்று துபாயிலிருந்து டிஸ்க்குகள் மூட்டையாகத் திரும்பி வந்தன.

சிலுவையம்மாளின் சிரிப்போ எங்கும் திரும்பி வரவில்லை, போய்க்கொண்டே இருந்தது. அந்த வி.சி.டி. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விற்றது, பர்மா பஜாரில் விற்றது, கப்பல்காரர்களின் பெட்டிக்குள் மலேசியாவுக்குப் போனது. மதுரை பஸ்ஸில் போட்டார்கள். லோக்கல் கேபிள்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போட்டார். கிரைண்டர் காட்சியில் நடிகன் செய்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, கூடவே வரும் அவள் சிரிப்பைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். பிறகு அந்தப் படத்தை முறைப்படி டிவியில் போட்டபோது, சிரிப்பு இல்லாத கிரைண்டரைப் பார்த்துவிட்டு, நல்ல காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று ஜனங்கள் டிவிக்காரர்களைத் திட்டினார்கள். அந்த நடிகனுக்கு அதற்குள் பத்துப் படம் கையில். இறால் கொட்டகையில் இவள் நகக்கண்ணில் முள் ஏறிய விரலோடு உரித்துக்கொண்டிருந்தாள்.

பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. ஜெனோவா என்று பெயர். பிறந்ததிலிருந்து ஓயாமல் அழுத பிள்ளை, பக்கத்து வீட்டு டிவியில் அந்த கிரைண்டர் காட்சி வந்ததும் அழுகையை நிறுத்திச் சுவர் பக்கம் திரும்பியது. வயிற்றில் இருந்தபோது கேட்ட சத்தம் அதற்கு நினைவிருந்தது. தூங்க வைக்க அந்த டிஸ்க்கைத்தான் போட வேண்டியிருந்தது. பெற்றவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவள் சிரிப்பைப் பெட்டியில் கேட்டுக்கொண்டு பிள்ளை தூங்கியது. “நான் இன்னா பொணமா? உயிரோட தானே குந்திக்கினு கீறேன்,” என்று சிலுவையம்மாள் ஒருநாள் டிவியை அணைத்தாள். பிள்ளை வீறிட்டது. திரும்பப் போட்டாள்.

இதற்கு மருந்து இருக்கிறது என்பது ஒரு விக்கல்காரரால் தெரிந்தது. அம்புரோஸ் வேறொரு படத்தின் சின்ன கேசட்டை வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது, தெருவில் போன அவருக்கு, அதே படத்தில் விட்டுவிட்டு வந்த விக்கல் ஓடிவந்து பிடித்துக்கொண்டது. காப்பி டிஸ்க் எத்தனை ஓடினாலும் திரும்பாதது, முதல் கேசட் ஓடினால் திரும்பும். ஊர் இதைப் புரிந்துகொண்டது. சௌக்கத் அலி மட்டும் வந்து, தன் இருமல் இருக்கிற கேசட்டைத் தான் தெருவில் இருக்கும்போது போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சிலுவையம்மாள் அன்றே புருஷன் முன்னால் போய் நின்றாள். “யோவ், அந்த மொத கேசட்ட எட்த்துக்கினு வா. என் சிரிப்ப எனக்குக் குடு.” அம்புரோஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், அது பரசுராமனிடம் இருக்கிறது என்றான். பரசுராமனைக் கேட்டால், ஆயிரம் கேசட் கிடக்கிறது, தேடித் தருகிறேன் என்றான். தேடுகிறேன், தேடுகிறேன் என்றே வருடங்கள் போயின. ஜெனோவா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். சிலுவையம்மாள் நல்லதற்கும் சிரிக்காமல் கெட்டதற்கும் சிரிக்காமல் இருந்ததில், சொந்தக்காரர் வீடுகளில் அவளைத் திமிர்பிடித்தவள் என்றார்கள். தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோன ஒரு பொருளுக்காக ஒருத்தி கெட்ட பெயர் வாங்குவது அநியாயம், ஆனால் அதைச் சொல்ல ஊரில் ஓர் ஆள் இல்லை, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் அந்த டிஸ்க் இருந்தது.

பிறகு திருட்டு வி.சி.டி.க்கும் குண்டர் சட்டம் என்று வந்தது. போலீஸ்காரர்கள் வந்து பரசுராமன் மாடியை ஒரே நாளில் காலி செய்தார்கள். மிஷின், டிஸ்க், கேசட் என்று லாரி லாரியாகப் போனது. அம்புரோஸ் கேமராவோடு நெட்டுக்குப்பத்தில் சொந்தக்காரர் வீட்டில் பதுங்கியிருந்துவிட்டு, சத்தம் அடங்கியதும் வந்தான். அடுத்த வருடம் கோர்ட்டு உத்தரவுப்படி, பறிமுதல் செய்த டிஸ்க்குகளைத் திறந்த மைதானத்தில் கொட்டி, அதிகாரிகளும் பேப்பர்காரர்களும் பார்க்க, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். முதல் கேசட்டும் அந்தக் குவியலில்தான் இருக்கும் என்று நம்பி சிலுவையம்மாள் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனாள். ரோலர் ஏறியதும் ஒவ்வொரு டிஸ்க்கும் உடைகிறபோது ஒரு தடவை சிரித்தது. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகள் அவள் சிரிப்பைச் சிரித்தன. ரோலர் ஓட்டுகிறவர் பயந்து இறங்கிவிட்டார், அதிகாரிகள் ஏறச் சொல்லி மறுபடி ஏறினார். சிரிப்பு புழுதியோடு எழும்பி, மைதானத்தைச் சுற்றி, கடல் பக்கம் போனது. சிலுவையம்மாள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். எல்லாம் அவள் தலைக்கு மேல் போனது. பிளாஸ்டிக் தூசிதான் வாய்க்குள் போனது. அதிகாரி ஒருவர் பேப்பர்காரர்களிடம், பொதுமக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள் என்றார். மறுநாள் அப்படியேதான் வந்தது.

அவள் வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, மனசு ஆறாமல், ஜெனோவாவின் ஞானஸ்நான கேசட்டைப் போட்டாள். ஊரார் கல்யாணத்தையெல்லாம் பெரிய கேசட்டுக்கு மாற்றிக் கொடுத்த அம்புரோஸ், சொந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்தை மட்டும் மாற்றாமல் சின்ன கேசட்டிலேயே வைத்திருந்தான். கேமராவை டிவியோடு இணைத்து அவள் அதை அடிக்கடி பார்ப்பாள், ஃபாதர் ஆசீர்வாதம் கொடுத்ததும் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு நிறுத்த மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆசீர்வாதம் முடிந்தது, திரை ஒரு நிமிடம் கறுத்தது, பிறகு தலைகளுக்கு நடுவில் ஒரு சண்டைக் காட்சி வந்தது. அந்தப் படத்தின் கடைசிச் சண்டை. கிரைண்டர் இருந்த இடத்தில்தான் ஃபாதர் பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றினார். சிரிப்பு இருந்த இடத்தில் அவளே நின்றாள், புதுப்புடவையில், உதட்டை இறுக்கிக்கொண்டு, எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்க முடியாமல். பழக்கதோஷத்தில் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டு எடுத்துவிட்டான் அம்புரோஸ். அன்று சாயங்காலமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடமும் வாயைத் திறக்கவில்லை.

அவன் வந்ததும் டிவியைக் காட்டினாள். அவன் தரையில் உட்கார்ந்தான். “புது கேசட் வாங்க துட்டு இல்ல சிலுவ. கொயந்தைக்கு மொத விசேஷம், எடுக்காம உட்டா நீ வர்த்தப்படுவேன்னு...” என்று இழுத்தான்.

“என் சிரிப்ப அழிச்சிட்டு, சிரிக்காத மூஞ்சிய எனக்கே போட்டுக் காட்டிக்கினு இருந்தியா?” என்றாள். அதுதான் அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சோறு இருந்தது, துவைத்த சட்டை இருந்தது, அவள் பேச்சு அவனுக்கு இல்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜெனோவாவைக் கூப்பிட்டு, “உன் நைனாகிட்ட சொல்லு” என்பாள். பிள்ளையும் சொல்லும்.

இதற்குள் உலகம் வேறு பக்கம் போய்விட்டது. இருமல் போன தெம்பில் சௌக்கத் அலி தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார். யாரோ, எந்த ஊரிலிருந்தோ, அந்தப் படத்தைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி இன்டர்நெட்டில் ஏற்றியிருந்தான். அம்புரோஸ் எடுத்த பிரிண்ட்தான், அதே தலைகள், அதே இருமல், அதே சிரிப்பு. ஒரு பைசா கிடையாது. கிரைண்டர் துண்டை மட்டும் லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர், இது செத்துப்போன எங்கள் அம்மாவின் சிரிப்பு மாதிரியே இருக்கிறது, தினமும் கேட்கிறேன் என்று கீழே எழுதியிருந்தார். சௌக்கத் அலி அதைப் படித்துக் காட்டியபோது சிலுவையம்மாள், “கேட்டுக்கட்டும் பாய். எனக்குத்தான் இல்ல, செத்தவளுக்காச்சும் கீதே,” என்று எழுந்து போனாள்.

ஜெயிலுக்குப் போய்த் திரும்பியிருந்த பரசுராமன் மறுபடி மிஷின் வாங்கினான், டிவிடி போட்டான், மூன்று படம் ஒரே டிஸ்க்கில் கொடுத்தான். வாங்க ஆள் இல்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டாக நெட்டில் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள். “இன்னா அநியாயம் பாரு மாமு! நாம உசுர குடுத்து எட்த்தத ஓசில குடுக்குறானுங்க. நாயம் தர்மம்னு ஒண்ணு வாணாம்?” என்று கண்ணில் தண்ணீரோடு கேட்டான். அவன் உண்மையாகவேதான் அழுதான். அந்த தியேட்டரும் அப்போது கல்யாண மண்டபமாகியிருந்தது. கூடையைக் குடையாமல் விட்ட வாட்ச்மேன் ஒரு ஏ.டி.எம். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, இலவசமாகக் கிடைத்ததற்கு யார் பில் கேட்பார்கள்?

கல்யாண ஆர்டரும் போய், அம்புரோஸ் கடைசியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு செல்போன் கடையின் மூலையில் உட்கார்ந்தான். வருகிறவர்களின் மெமரி கார்டில் பாட்டும் படமும் ஏற்றிக் கொடுக்கிற வேலை. அங்கேதான் அவன் எடுத்த படம், நகத்தளவு கார்டில், உள்ளங்கையளவு திரையில் அவனிடமே வந்து சேர்ந்தது. காப்பிக்குக் காப்பி, அதற்கும் காப்பி. சிரிப்பு தேய்ந்து, தகரத்தில் மழை பெய்கிற சத்தமாகியிருந்தது. கடையில் கூட்டம் இல்லாத வேளைகளில் அவன் அந்தச் சிரிப்பை மட்டும் வெட்டியெடுத்து, நடிகன் பேச்சை நீக்கி, விசிலை நீக்கி, சௌக்கத் அலியின் இருமலை நீக்கி, மாதக்கணக்கில் இரவல் கம்ப்யூட்டரில் துடைத்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் கேலி செய்ததையும் கேட்டுக்கொண்டான். முடித்ததும் தன் சைனா செட்டில் ஏற்றி, கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிட்டான். கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. வாழ்நாளில் அவன் காப்பி எடுக்காமல் வைத்திருந்த பொருள் அது ஒன்றுதான். சிலுவையம்மாளின் நம்பரிலிருந்து கால் வந்தால் மட்டும் அடிக்கும்படி அதை வைத்துக்கொண்டு, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள்தான் பேசுவதில்லையே, எப்படி வரும்? அது ஒரு நாளும் அடிக்கவில்லை.

2009ஆம் வருடம் ஆடி மாதம், கடை நாற்காலியிலேயே அம்புரோஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆட்டோவில் போட்டுத் தூக்கி வந்தார்கள். சிலுவையம்மாளின் தம்பி தூத்துக்குடியிலிருந்து வந்து சேர வேண்டியிருந்ததால், போட்டிருந்த சட்டையோடேயே ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். தெரு முழுக்க நாற்காலி. பரசுராமன் மாலையோடு வந்தான், சௌக்கத் அலி வந்தார். சொந்தக்காரர்களின் நம்பரெல்லாம் அம்புரோஸ் போனில் இருந்ததால் அதைத் தேடினார்கள். கடையில் இல்லை என்றார்கள், ஆட்டோவில் இல்லை என்றார்கள். ஜெனோவா அம்மாவின் போனை எடுத்து நைனாவின் நம்பரை அழுத்தினாள்.

ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து சிலுவையம்மாள் சிரித்தாள்.

மூக்கில் சத்தம், இடைவெளி, பிறகு படிக்கட்டில் குடம். தேய்மானம் இல்லாமல், இருமல் இல்லாமல், காசிமேட்டு ஏலத்தை நிறுத்திய அதே சிரிப்பு. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்தினார்கள். பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்திருந்ததால், உள்ளே சிரிப்பது யார் என்று பார்க்க முடியவில்லை. முழுசாக அடித்து நின்றது. ஜெனோவா என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி அழுத்தினாள், மறுபடி சிரித்தது. “யம்மா, உன் நம்பருக்குத்தான் வச்சிக்கினு இருந்துருக்காரு,” என்றாள் பிள்ளை. சிலுவையம்மாள் எழுந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். “ஒரு தபா கூப்ட்டுருக்கலாமே... பாவி, ஒரு தபா கூப்ட்டுருக்கலாமே,” என்றாள். திட்டியது அவனையா தன்னையா என்று யாரும் கேட்கவில்லை. ஜெனோவாவை நடுவில் வைக்காமல் அவனைப் பற்றி அவள் வாய் திறந்தது அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டபோது பரசுராமன் அந்தப் போனை எடுத்து அவளிடம் நீட்டினான். கேட்கக் கூடாத நேரத்தில், தனக்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான். அவள் அதை வாங்கி, அம்புரோஸின் புதுச்சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். “எட்த்தவன் அவன். அவனே வச்சிக்கினு போவட்டும்,” என்றாள். காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் நடந்தது.

சார்ஜ் தீர்ந்துபோகும் என்றார்கள், தீரவில்லை. நம்பர் கட்டாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. இறால் கொட்டகையில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிலுவையம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, கல்லறைச் சுவரோரம் வந்து நின்று ஒரு போன் போடுகிறாள். மண்ணுக்கடியில் அவள் சிரிக்கிறாள். அது முடியும்வரை கேட்டுவிட்டு, யாரும் எடுக்காததால் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். அந்த நேரத்தில் கரையில் ஏலம் விடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். மிஸ்டு கால்தானே, காசு கிடையாது.